ரூட் நோட்டு

போன வாரம் பென்ஷனர் நண்பர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். முன்னறையில் பின்சக்கரம் இல்லாத சைக்கிள் ஒன்று இரும்புக் காலில் நிற்கிறது, அதற்கு எதிரே டிவி, அடியில் வியர்வை சொட்டுவதற்காகப் பரப்பிய பனியன் வேஸ்ட். "என்ன சார் இது, சாணை பிடிக்கிற மெஷினா?" என்றார் ஒருவர். விளக்கினேன். "நின்ன இடத்துலயே மிதிக்கிறதுக்கு ரூட் எதுக்கு சார்?" என்றார் மற்றவர். நியாயமான கேள்விதான். காபி ஆறுவதற்குள் சொல்ல முடிந்தது கொஞ்சம். மீதியை இங்கே எழுதுகிறேன்.

சைக்கிள் என் மகனுடையது. 2020 ஊரடங்கில் வாங்கினான். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். ஷிப்மென்ட் எல்லாம் நின்று போய் வீட்டில் இருந்த காலத்தில் தினமும் மிதித்தான். ஆர்டர் திரும்பி வந்ததும் சைக்கிளை மறந்துவிட்டான். இரண்டு வருஷம் அதில் துண்டு காய்ந்தது. பிறகு எனக்கு மூட்டுத் தேய்மானம் வந்தது. நடப்பதைக் குறையுங்கள், சைக்கிள் மிதியுங்கள், உடம்பின் பாரம் முழங்காலில் விழாது என்றார் டாக்டர். ரோட்டில் ஓட்டலாம் என்றால் வீட்டில் யாரும் விடவில்லை. எழுபதைத் தாண்டிய ஆள் பல்லடம் ரோட்டில் கம்பெனி பஸ்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே சைக்கிளில் போவதை நானே பார்த்தால் நிறுத்தித் திட்டுவேன்.

ஆகவே துண்டை எடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சைக்கிளின் செயின் 'ட்ரெய்னர்' என்கிற கருவியைச் சுற்றுகிறது. கருவி கம்பியில்லாமல் டிவியோடு பேசுகிறது. டிவியில் 'ஸ்விஃப்ட்' என்று ஒரு செயலி. (திருப்பூரில் யாரிடம் சொன்னாலும் காரா என்கிறார்கள். இல்லை, வேறு.) அதில் ஒரு பொம்மை மனிதன் சைக்கிள் ஓட்டுகிறான். நான் மிதித்தால் அவன் போவான், நிறுத்தினால் காலை ஊன்றி நிற்பான். திரையில் மேடு வந்தால் கருவி தானாக இறுக்கிக்கொள்ளும். 8 சதவீத மேடு என்றால் நூறு மீட்டர் போவதற்குள் எட்டு மீட்டர் ஏறுகிறோம். நாம் எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்பது வாட் கணக்கில் தெரியும். என் கணக்கு 85 வாட். பழைய சீலிங் ஃபேன் ஒன்று தின்னும் மின்சாரத்தைவிடச் சற்று அதிகம். இதற்காக எனக்கு இரண்டு ஃபேன் போட வேண்டியிருக்கிறது.

எடையையும் செயலி கேட்கும். பொய் சொல்லக் கூடாது. எடையும் வாட்டும் சேர்ந்துதான் மேட்டில் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. என் மகன் ஆரம்பத்தில் எட்டு கிலோ குறைத்துப் போட்டிருந்தான் என்பதைப் பழைய பதிவைப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

இனி ரூட். செயலியைத் திறந்ததும் எந்த ஊரில் ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்கும். வாட்டோப்பியா என்று ஒரு கற்பனைத் தீவு. சாலமன் தீவுகளில் உள்ள ஒரு நிஜத் தீவின் இடத்தில் அதை வைத்திருக்கிறார்கள். எரிமலை, பாலைவனம், பனிமலை, கடலடிக் கண்ணாடிச் சுரங்கம் எல்லாம் அங்கே உண்டு. அது எப்போதும் திறந்திருக்கும். லண்டன், நியூயார்க், பாரிஸ், பிரான்ஸ், ஜப்பான் சாயலில் ஒன்று என மற்ற ஊர்களை முறை வைத்துத் திறக்கிறார்கள். அதற்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது. இன்று பிரான்ஸ் போக வேண்டும் என்று நினைத்தால் மட்டும் போதாது, இன்று பிரான்ஸ் உண்டா என்று பார்க்க வேண்டும்.

ஊரைத் தேர்ந்தெடுத்தால் அதற்குள் ரூட்டுகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் தூரம், மொத்த ஏற்றம். இரண்டையும் பார்த்து ஏமாறக் கூடாது. 150 மீட்டர் ஏற்றம் என்றிருக்கும். அது இருபது கிலோமீட்டருக்குப் பரவிக் கிடக்கிறதா, இரண்டு கிலோமீட்டரில் குவிந்து நிற்கிறதா என்று படத்தைப் பார்த்தால்தான் தெரியும். இன்னொன்று, பல ரூட்டுகளில் தொடங்கும் இடம் வேறு, கணக்கு ஆரம்பிக்கும் இடம் வேறு. சுற்றைப் போய்ச் சேருவதற்கே சில கிலோமீட்டர் தனியாக இருக்கும். தூரம் என்று பெரிதாகப் போட்டிருப்பதில் அது சேராமலும் இருக்கும். அரசாங்க விண்ணப்பங்களில் அடியில் சின்ன எழுத்தில் இருக்குமே, அந்த மாதிரி.

நான் நோட்டுப் போட்டேன். முப்பத்தாறு வருஷம் மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா, வேறென்ன செய்வேன்? தேதி, ரூட், தூரம், ஏற்றம், எடுத்த நேரம், அதிகபட்ச நாடித்துடிப்பு, குறிப்பு என்று ஏழு கலம். டாக்டர் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கலம் மட்டும் சிவப்பு மையில்.

முதல் நான்கு மாதம் நோட்டில் ஒரே பெயர்தான்: டெம்பஸ் ஃபியூஜிட். லத்தீன் பெயர், காலம் பறக்கிறது என்று பொருள். பாலைவனத்தில் போகும் சமதளப் பாதை. சுற்று முழுவதும் சேர்த்து ஏற்றம் இருபது மீட்டர்கூட வராது. காலையில் எழுந்து காபி குடித்துவிட்டு அரை மணி நேரம். மகன் கேட்டான், "அப்பா, அத்தனை ரூட் இருக்கு. ஏம்பா தினமும் இதையே ஓட்டறீங்க?" சமதளம் எனக்குப் பழக்கம். 1974-ல் திருப்பூருக்கு வந்தபோது வாங்கிய சைக்கிளில் ராயபுரத்திலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து ராயபுரம். மாசத்துக்கு ஒரு ஞாயிறு திருமுருகன்பூண்டி கோயில். டைனமோ எரியாவிட்டால் போலீஸ்காரர் நிறுத்துவார், டபுள்ஸ் போனால் காற்றைப் பிடுங்குவார். அந்தச் சைக்கிளில் போன தூரத்தைக் கூட்டினால் உலகத்தை ஒரு பாதியாவது சுற்றியிருப்பேன். ஆனால் ரூட் என்று தேர்ந்தெடுத்ததே கிடையாது.

ஐந்தாவது மாதம் நாட்காட்டியில் பிரான்ஸ் வந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வழக்கமாக என்னைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரிக்காரன், பிரெஞ்சு வழியில் படித்தவன். வகுப்புச் சுவரில் தொங்கியது பிரான்ஸ் தேசப்படம். நொய்யல் எங்கே பிறக்கிறது என்று எனக்கு இருபத்து நான்கு வயது வரை தெரியாது. லுவார் நதி ழெர்பியே-த-ழோன் மலையில் பிறக்கிறது என்று ஒன்பது வயதில் எழுந்து நின்று சொல்லி உட்கார்ந்தவன். சேன், லுவார், கரோன், ரோன். இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வேலைக்கு வந்த பிறகு இந்தப் படிப்பு எனக்கு ஒரு காசுக்கு உதவவில்லை. "பிரெஞ்சா? இங்கிலீஷ் டைப்பிங் தெரியுமா?" என்றுதான் கேட்டார்கள். ஆங்கிலத்தில் நோட் எழுத அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் கஷ்டப்பட்டேன். பிறகு பிரெஞ்சை நான் படித்ததெல்லாம் காதர்பேட்டையில். செகண்ட்ஸ் கடைகளில் பனியன் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பேன். பிரான்ஸுக்குப் போக வேண்டிய சரக்காக இருந்தால் லேபிளில் நூறு சதவீதம் பருத்தி, 30 டிகிரியில் கழுவவும், வெளுப்பான் வேண்டாம் என்று இருக்கும். நின்று வாசித்துவிட்டு மடித்து வைப்பேன். கடைக்காரர் நான் சைஸ் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

செயலியில் இந்த பிரான்ஸ் வந்ததே ஊரடங்கில்தான். 2020-ல் தூர் த பிரான்ஸ் பந்தயம் ஜூலையில் நடக்க முடியாமல் தள்ளிப்போனது. அந்த ஜூலையில் பந்தய வீரர்கள் அவரவர் வீட்டிலிருந்தே ஓட்டட்டும் என்று இந்தப் பாதைகளை உருவாக்கினார்கள். சூரியகாந்தி வயல், கடலோரத்தில் மோன் சேன் மிஷேல் மடம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். பெயர்கள் எல்லாம் பிரெஞ்சு. என் மகன் 'டயர் பூச்சன்' என்று ஒன்றைக் காட்டி, டயர் பஞ்சராகும் அளவுக்கு மோசமான ரூட் போல என்றான். அது தீர்-பூஷோன். பாட்டில் தக்கையைப் பிடுங்கும் திருகாணி. பாதை அப்படி வளைந்து வளைந்து போகிறது. இன்னொன்று காஸ்-பாத். கால் ஒடிப்பான் என்று சொல்லலாம். தொண்டையை எரிக்கும் மட்டச் சாராயத்துக்கும் பிரெஞ்சுக்காரர்கள் அதே பெயர் வைத்திருக்கிறார்கள். 23 கிலோமீட்டர், 155 மீட்டர் ஏற்றம், அதைக் கேட்டால் ஒன்றுமில்லை போலத் தோன்றும். குட்டிக் குட்டி மேடுகளாக வந்து காலை ஒடிக்கும். 'துஸ் பிரான்ஸ்' என்று ஒன்று. 1943-ல் ஷார்ல் த்ரெனே பாடிய பாட்டின் பெயர் அது. புதுச்சேரியில் பழைய சொல்தாக்கள் (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) மாலையில் முணுமுணுத்துக் கேட்டிருக்கிறேன்.

'பெத்தி பூக்ள்' என்று ஒரு ரூட். சின்னச் சுற்று என்று பொருள். தூர் த பிரான்ஸைப் பெரிய சுற்று என்பார்கள், அதை வைத்துச் செய்த விளையாட்டு. ஆனால் பூக்ள் பெண்பால் சொல், 'பெத்தித் பூக்ள்' என்று இருக்க வேண்டும். உலகம் முழுக்கப் பார்க்கும் செயலியில் இலக்கணப் பிழை! எங்கள் பிரெஞ்சு வாத்தியார் பார்த்திருந்தால் முட்டிபோட வைத்திருப்பார். அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷம். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு படித்த படிப்பு எதற்கோ ஆயிற்று.

இந்தச் செயலியை எனக்குச் சொன்னதே என் பள்ளித் தோழன் ஒருவன். அவன் அப்பா சொல்தாவாக இருந்தவர். அதனால் இவனுக்கும் பள்ளியில் சொல்தா என்றே பெயர். என் அப்பா மேரியில், அதாவது முனிசிபல் அலுவலகத்தில், சின்ன குமாஸ்தா. சொல்தா 1969-ல் பிரான்ஸ் போனான். அங்கே கட்டாய ராணுவச் சேவை முடித்தான், தபால் துறையில் சேர்ந்தான், பாரிஸுக்கு வடக்கே சார்செல்லில் வீடு. நடுவில் முப்பது வருஷம் தொடர்பே இல்லை. பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் வந்து நின்றான். இடுப்பில் மாற்று மூட்டு வைத்திருக்கிறார்கள். ரோட்டில் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று அவன் மனைவியின் உத்தரவு. ஆக, அங்கேயும் ஒரு கிழவன் வீட்டுக்குள் மிதித்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து ஓட்டுவது என்று ஏற்பாடு. செயலியில் நேரம் குறித்து அழைப்பு அனுப்பலாம். அதில் 'எல்லோரும் சேர்ந்தே போக' என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் ஒருவன் பலமாக மிதித்தாலும் இன்னொருவன் மெதுவாக மிதித்தாலும் பொம்மைகள் இரண்டும் கூட்டமாகவே போகும். யாராவது மிதிப்பதையே நிறுத்தினால்தான் பின்தங்குவான். எங்களைப் போன்றவர்களுக்காகவே செய்தது. வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே ஓட்டுவோம். அவன் என்னைக் குமாஸ்தா என்பான், நான் அவனைச் சொல்தா என்பேன். அறுபது வருஷத்துக்கு முன்னால் கோரிமேட்டில் வாடகை சைக்கிளில் பந்தயம் விட்டவர்கள் நாங்கள். புதுச்சேரி தட்டையான ஊர், மேடு என்றால் அந்தச் செம்மண் மேடு ஒன்றுதான். அவன் ஆன்க்தில், நான் பூலிதோர். ஆன்க்தில் தூர் த பிரான்ஸை ஐந்து தடவை ஜெயித்தவர். பூலிதோர் ஒரு நாள்கூட மஞ்சள் பனியன் போடாதவர். வேஷத்தை யார் பிரித்தது என்று கேட்கவே வேண்டாம்.

ரூட் விஷயத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் அவன் தேர்வு, ஒரு வாரம் என் தேர்வு. அவன் லண்டன் என்பான், நியூயார்க் என்பான், எரிமலை என்பான். நான் பிரான்ஸ் என்றால் மட்டும் ஏதாவது சாக்கு. "ஐம்பது வருஷமா இங்கதான்டா இருக்கேன். ஞாயித்துக்கிழமையும் அதுக்குள்ளயே ஓட்டணுமா?" என்பான். கேட்க நியாயமாக இருக்கும். அடுத்த வாரம் நான் திரும்பவும் பிரான்ஸ் என்பேன், அவனுக்குத் திரும்பவும் ஒரு சாக்கு. ஒரு தடவை கேபிள் அறுந்துவிட்டது என்றான். ஒரு தடவை பேரன் பிறந்தநாள். எனக்கு எரிச்சல்தான். அந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஓய்வூதியம் வாங்குகிறவனுக்கு, பொம்மைப் படத்திலாவது அதைப் பார்க்கட்டும் என்று என்னை விடுவதற்கு என்ன வலிக்கிறது?

வலிக்கிறது என்று எழுதிவிட்டேன், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16. அன்றிலிருந்து ஆறு மாதம் அவகாசம். ஊரில் பிறந்து ஊரில் குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் அதற்குள் எழுத்து மூலம் தெரிவித்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். தெரிவிக்காவிட்டால் இந்தியர். வயது வராத பிள்ளைகள் தகப்பன் வழி. சொல்தாவின் அப்பா தெரிவித்தார். என் அப்பா தெரிவிக்கவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தக் காகிதத்தின் அருமை தெரியவில்லை. 1969-ல் சொல்தாவை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வந்த அன்று தெரிந்தது. அப்பாவிடம் கேட்டேன். "தேதி போயிடுச்சு" என்றார். அவ்வளவுதான். முனிசிபல் அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா, ஆயிரம் பேருக்குக் கடைசித் தேதி சொன்னவர், தன் காகிதத்துக்குத் தேதியைத் தவற விட்டாராம்! நான் நம்பவில்லை. சோம்பல், அல்லது பயம் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அவர் 1988-ல் இறந்துபோனார். இடைப்பட்ட பத்தொன்பது வருஷமும் நான் அவரோடு பேசியது லீவு, மணியார்டர், மருந்து இவ்வளவுதான். பெருமைக்காக எழுதவில்லை.

போன பிப்ரவரியில் நாட்காட்டியில் பிரான்ஸ் வந்தது. என் முறை. இந்தத் தடவை விடுவதில்லை என்று, வேன்-டாப் என்று செய்தி அனுப்பினேன்.

வேன்-டாப் என்பது மோன் வாந்து மலையின் நகல். நிஜ மலை தெற்கு பிரான்ஸில் புரோவான்ஸ் பகுதியில், 1,900 மீட்டருக்குச் சற்று மேல் உயரம். காற்றுக்குப் பேர்போனது. 1336-ல் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் அதில் ஏறியதை எழுதி வைத்திருக்கிறார். 1967 ஜூலை 13 அன்று தூர் த பிரான்ஸில் டாம் சிம்ப்சன் என்ற ஆங்கிலேயர் உச்சிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து இறந்துபோனார். அந்தச் செய்தி எங்கள் பள்ளியில் ஒரு வாரம் பேசப்பட்டது. செயலியில் தூரம் 21 கிலோமீட்டர், ஏற்றம் 1,500 மீட்டருக்கு மேல். கால் ஒடிப்பானைப் போலப் பத்து மடங்கு. சமதளம் என்று ஒரு நூறு அடிகூட நிம்மதியாகக் கிடையாது.

என் 85 வாட்டுக்கு இது மூன்றரை மணி நேரம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மகன் ஒரு வழி சொன்னான். மேட்டின் இறுக்கத்தைக் குறைக்க ஓர் அமைப்பு இருக்கிறது, பாதியாக்கிக்கொள்ளலாம். ஆனால் அதில் ஒரு சூட்சுமம். கால் லேசாகத் தெரியுமே தவிர மலை குறையாது. அதே உயரத்துக்கு அதே வாட்டைக் கொடுத்தே ஆக வேண்டும். டாக்டரிடம் கேட்டேன். 120-ஐத் தாண்டாவிட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மிதியுங்கள், தண்ணீர் குடியுங்கள், தலை சுற்றினால் இறங்கிவிடுங்கள், தனியாக மட்டும் வேண்டாம் என்றார். நடுவில் நின்று இளைப்பாறலாம், பொம்மை பின்னால் உருண்டு போகாது. ஆனால் மூடிவிட்டுப் போனால் மறுபடி அடிவாரம்தான்.

சொல்தாவிடமிருந்து இரண்டு நாள் பதில் இல்லை. சாக்கு வரும் என்று எதிர்பார்த்தேன். மூன்றாம் நாள் "சரி, போவோம்" என்று வந்தது.

ஞாயிறு காலை பதினொன்றரை. அவனுக்கு ஏழு மணி, இன்னும் விடியவில்லை. இங்கே வெயில் ஏறிவிட்டது. இரண்டு ஃபேன், இரண்டு துண்டு, ஒரு செம்பு மோர். ஆரம்பத்தில் காடு. மரங்களுக்கு நடுவே பாதை ஏறிக்கொண்டே போகிறது. வேகம் மணிக்கு ஐந்து, ஆறு கிலோமீட்டர், முழங்கால் நன்றாக இருந்த காலத்தில் நான் நடந்த வேகம். எங்களைத் தாண்டி யார் யாரோ போகிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் கொடி. ஜப்பான், ஜெர்மனி, பிரேசில். என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கொடி, அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கொடி. அதை அதுவரை கவனித்ததே இல்லை என்றால் பொய்.

ஒரு மணி நேரம் வழக்கமான பேச்சு. சர்க்கரை அளவு, பேரப்பிள்ளைகள், அவனுடைய உயிர்வாழ்வுச் சான்று, என்னுடைய உயிர்வாழ்வுச் சான்று. ஒன்றே காலுக்கு மருமகள் எட்டிப் பார்த்து, "ஏனுங்க மாமா, இன்னும் மலை ஏறி முடியலீங்களா? சாப்பாடு ஆறுதுங்க" என்றாள். இருவரும் ஒரு வளைவில் நின்றோம். நான் சைக்கிளை விட்டு இறங்காமலே தயிர்சாதம் சாப்பிட்டேன். அவன் ரொட்டி. திரையில் பொம்மைகள் இரண்டும் காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தன.

திரும்ப மிதிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்.

"உங்கப்பா தேதியைத் தவறவிடலடா."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"எங்கப்பாவும் உங்கப்பாவும் சேர்ந்துதான் கான்சுலேட்டுக்குப் போனாங்க. பிப்ரவரி மாசம், கெடு முடியற வாரம். நான் சைக்கிள்ல பின்னாடியே போனேன். உங்கப்பா கையில எழுதின காகிதம் இருந்துச்சு. வாசல்ல எங்கப்பா அவரை நிறுத்திட்டார். உங்க பாட்டி படுக்கையில இருந்தாங்கல்ல. நான் பட்டாளத்துக்காரன், எனக்கு அங்க பென்ஷன் இருக்கு, நாளைக்கு இங்க என்ன ஆனாலும் போயிடுவேன். உனக்கு அங்க யாரு இருக்கா? அம்மாவை விட்டுட்டு எங்க போவே? யோசிச்சுச் செய்னு சொன்னார். உங்கப்பா அங்க மரத்தடியில ரொம்ப நேரம் நின்னார். அப்புறம் காகிதத்தை மடிச்சு ஜேபில வெச்சுக்கிட்டுப் போயிட்டார். எங்கப்பா உள்ள போய்க் கையெழுத்துப் போட்டார்."

கொஞ்ச தூரம் போனோம்.

"நீ பிரான்ஸ் பிரான்ஸ்னு சொல்றப்பல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"தெரியும்டா" என்றேன். "அப்பா சொல்லியிருக்கார்."

அப்பா சொல்லவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது என்று தோன்றவில்லை. அவன் "அப்படியா, நல்லது" என்றான். அவன் மூச்சு விடுவது வேறு மாதிரி கேட்டது. அல்லது மேடு கொஞ்சம் குறைந்திருக்கலாம். (அவன் பிரெஞ்சு மட்டுமே படிப்பான், தமிழ் எழுத்து மறந்துவிட்டது. இதைப் படிக்க மாட்டான் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

பாட்டி 1964 தையில் போனாள். அப்பாவிடம் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை அன்பாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. நான் கேட்டது ஒரு தடவை, அதுவும் கத்தி.

காடு முடிந்துவிட்டது. வாந்து மலையின் மேல்பகுதியில் மரம் கிடையாது, வெள்ளைக் கல்தான். நிஜத்திலும் அப்படித்தான், தூரத்திலிருந்து பார்த்தால் கோடையிலும் பனி மூடியது போல இருக்குமாம். உச்சியில் ஒரு கோபுரம். அது தெரிந்த பிறகு எவ்வளவு மிதித்தாலும் கிட்டே வராது. அந்தக் கடைசி ஆறு கிலோமீட்டரில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நாடித்துடிப்பு 118, 119. ஒரு இடத்தில் 121 காட்டியது, நிறுத்தி நின்றேன். அவனும் நின்றான். மோர் குடித்துவிட்டுப் போனோம். மருமகள் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். பேரன், "தாத்தா, யார் ஃபர்ஸ்ட்டு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எல்லோரும் சேர்ந்தே போகிற ஏற்பாட்டில் அது தெரியாது என்று சொன்னால் அவனுக்குப் புரியவில்லை.

மூன்று மணி நாற்பது நிமிஷம், சாப்பாட்டு நேரம் சேர்க்காமல்.

உச்சியில் ரூட் முடிந்துவிடுகிறது. அத்தோடு மூடிவிட்டுப் போகலாம். சொல்தா, "இறங்குவோம்டா, இவ்வளவு தூரம் ஏறிட்டு" என்றான். திரும்பினோம். இறக்கத்தில் மிதிக்கத் தேவையில்லை. காலை ஆட்டாமல் உட்கார்ந்திருக்க, பொம்மைகள் அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் வெள்ளைக் கல்லைத் தாண்டிக் காட்டுக்குள் போயின. அவன் கோரிமேட்டு இறக்கத்தில் கத்துவது போல ஒரு கத்துக் கத்தினான். சார்செல்லில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினாராம்.

நோட்டில் ஏழு கலமும் எழுதினேன். குறிப்பு என்ற கலத்தில் முதலில் அப்பாவின் பெயரை எழுதினேன். பிறகு அது கணக்கு நோட்டு என்று தோன்றி, 'பெரியவர்கள் இருவர்' என்று மட்டும் மாற்றி எழுதினேன். மருமகள் அதைப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அவன் முறை. லண்டன் என்று செய்தி வந்திருந்தது. ஏற்றம் எத்தனை மீட்டர் என்று கேட்டு அனுப்பினேன்.